பல்லியின் வாயில் விட்ட கால்

புதுச் செயலாளராக யார் வருகிறீர்கள் என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் வரதன் கேட்டதும், மொட்டைமாடியில் கூடியிருந்த ஒருவரும் அசையவில்லை. அசைந்தால் போச்சு, வருடம் முழுக்கத் தண்ணீர் லாரியோடும் லிஃப்ட்டோடும் மல்லுக்கட்ட வேண்டும். அருமைநாயகம் மூச்சைக்கூட அளந்து விட்டபடி, எதிர்ச்சுவரில் டியூப்லைட்டுக்குக் கீழே இருந்த வெட்டுக்கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் அசையாமல்தான் இருந்தது. ஆனாலும் பல்லி வந்து அதன் பின்னங்காலைக் கவ்விவிட்டது. வெட்டுக்கிளி யோசிக்கவே இல்லை. காலைக் கழற்றிப் பல்லியின் வாயிலேயே விட்டுவிட்டு, மிச்ச உடம்போடு இருட்டுக்குள் தாவியது.

"நாயகம் சார், நீங்கதான் ரிட்டயராகி சும்மா இருக்கீங்களே," என்றார் வரதன்.

"எனக்கு முட்டிவலி சார். எங்க வீட்டம்மா எப்சிபா ரொம்ப நல்லா செய்வா. அவ பேரை எழுதிக்கோங்க."

கைதட்டல் எழுந்தது. பெண்கள் வரிசையில் இருந்த எப்சிபா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். பல்லி இன்னும் மென்றுகொண்டிருந்தது. அருமைநாயகம் முட்டிவலியை மறந்து இரண்டிரண்டு படியாக இறங்கினார். தப்பித்த நிம்மதியோடு வீட்டு வாசலில் நின்று சட்டைப்பையைத் துழாவினார். சாவி எப்சிபாவின் கைப்பையில் இருந்தது. மேலே, படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கதவோடு ஒட்டி, அசையாமல் நின்றார்.