மிஷினுக்குத் தெரிந்த முகம்

ரிசப்ஷனிஸ்ட் ஹெப்சியின் தன்மானத்துக்கு மேனேஜர் சாலமோன் போட்ட விலை நானூறு ரூபாய். அந்த விலைக்கு வாங்கிய முகப்பூச்சு கிரீமை அவள் மேசைமேல் எறிந்தார்.

"என்னம்மா, மறுபடியும் கண்ணுக்குக் கீழ கன்னிப்போயிருக்கு? பெருங்களத்தூர்ல ஃபிளாட் வாங்க வர்றவன் முதல்ல உன் முகத்தைத்தான் பார்க்கறான். இதைப் பூசு, இல்லன்னா குஸ்தி கிளாஸை விடு. ரெண்டும் முடியாதுன்னா வேற வேலை தேடிக்க."

"கிளாஸ் காலையில ஆறு மணிக்கு சார். வேலைக்கு ஒரு நாளும் லேட்டா வந்ததில்லையே."

"நான் லேட்டைக் கேக்கல, லுக்கைக் கேக்கறேன். என்னைப் பாரு, ஐம்பத்தாறு வயசு. என் தலையில ஒரு முடி கலைஞ்சு பார்த்திருக்கியா?"

"மொத்தமா கழண்டே பார்த்திருக்கேன் சார்."

சாலமோன் கதவைச் சாத்தினார். ஹெப்சி தொடர்ந்தாள்.

"கிளாஸ் முடிஞ்சதும் நேரா இங்க வந்து பின்னால ரூம்லதான் டிரஸ் மாத்துவேன். நீங்களும் யாரும் வர்றதுக்கு முன்னாடி வந்து, முகம் பார்த்து உள்ள விடற அட்டென்டன்ஸ் மிஷின் முன்னால விக்கைக் கழட்டிட்டு நிக்கறீங்க. முடியோட நின்னா அது உங்களை யாருன்னு கேக்குது. என்னை மட்டும் கன்னிப்போன முகத்தோடவே உள்ள விட்டுடுது சார்."

சாலமோனின் கை தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, மெதுவாக இறங்கி வந்து கிரீமை எடுத்துக்கொண்டது.

ஒரு கன்றலுக்கு ஒரு வழுக்கை என்று கணக்கு நேரானது. கிரீமுக்குக் கொடுத்த நானூறு மட்டும் அவர் தலையிலேயே விழுந்தது.