ஏரி மண்ணின் சாட்சி

“மூடி இறுக்கமா இருக்கான்னு நல்லா பாருங்கம்மா. ஒரு சிட்டிகை மண்ணு கொட்டியிருந்தாலும் கணக்கு உதைக்கும்!” நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பெரியவர் மூன்றாம் முறையாகச் சொன்னார்.

“அவர் அப்படித்தான். நீங்க வேலையைப் பாருங்க” என்றார் அவர் மனைவி.

ஆய்வகப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. மனைவிக்கு நியாயம் கிடைக்க மனுஷர் எப்படித் துடிக்கிறார்!

புட்டியை எடை போட்டாள். சீட்டில் எழுதியிருந்த அதே அரை கிலோ. ஈயப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அணு உலை விபத்துக்குப் பிறகு, முப்பது வருடங்களுக்கு முன், அந்த அம்மாள் இதே ஆய்வகத்தில் அளந்த ஏரி மண் அது. கதிரியக்கம் எண்ணூறு என்று எழுதினார். “எண்பதுதான் இருக்கும். ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துப் போட்டு ஊரைப் பயமுறுத்துறீங்களா?” என்று மேலதிகாரி அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார். மறுபடி அளக்கலாமென்றால் புட்டியைக் காணோம். போன வாரம் பழைய கிடங்கைக் காலி செய்தபோதுதான் அகப்பட்டது.

“இந்த மண்ணுல இருக்கிற சீசியத்தோட கதிரியக்கம் முப்பது வருஷத்துல பாதியாயிடும். வெயில், மழை, சிபாரிசு எதுக்கும் அசையாது!” ஆய்வகப் பெண் உற்சாகமாக விரல் நீட்டிச் சொன்னாள். “இப்ப நானூறு வந்தா நீங்க எழுதினது சரி. நாற்பது வந்தா அந்த அதிகாரி சொன்னது சரி.”

“தெரியும்மா. எங்க வீட்டுல சாப்பாட்டு மேஜையில தினம் இதே பேச்சுதான்” என்றார் அம்மாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரையில் எண் நின்றது. நானூற்று மூன்று.

“எதுக்கும் இன்னொரு தடவை அளந்துடுங்களேன்” என்றார் பெரியவர்.

அளந்தாள். நானூற்று ஒன்று.

“எண்ணூறு! அன்னிக்கு எண்ணூறேதான்!” அம்மாள் துள்ளி எழுந்தார். அடுத்த அறையிலிருந்தவர்கள் ஓடிவந்து விஷயம் கேட்டுக் கைதட்டினார்கள். முப்பது வருடக் கெட்ட பெயர் ஒரே நொடியில் கழன்று விழுந்தது.

ஆய்வகப் பெண்ணுக்கு ரத்தம் கொதித்தது. “உங்க வேலைக்கே உலை வெச்ச அந்த ஆளைச் சும்மாவா விட்டீங்க?”

“விடுவேனா?” அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “மறு வருஷமே கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அதோ, நாற்காலியில உட்கார்ந்திருக்காரே!”