தர்மராஜுக்கு ஒரு நாற்காலி

ஜன்னலை மறைத்து மெத்தையைக் கட்டியாயிற்று. கதவிடுக்கில் கம்பளியைத் திணித்துவிட்டு நிமிர்ந்த கோபாலகிருஷ்ணன், மனைவியைப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்தார்.

“இனிமே இந்த ரூமுக்குள்ள யார் கத்தினாலும் வெளியே ஒரு ஈ காக்காய்க்குக்கூடக் கேக்காது.”

பிரபாவதி, மேஜைமேல் இருந்த மைக்குக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தாள்.

அணுபுரம் குடியிருப்பில் அந்த ஒலிப்பதிவுக்கூடம் அன்று காலைதான் பிறந்திருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், பீரோவிலிருந்த அத்தனை போர்வைகள். சென்னைக் கம்பெனி ஒன்று நாவல்களைக் குரலில் பதிந்து சி.டி.யாக விற்கப்போகிறது, வீட்டிலிருந்தே வாசித்துத் தரலாம். பொங்கல் விழா மேடைகளில் பிடித்த மைக்கை விடாத கோபாலகிருஷ்ணன், இதை நம்பி ஆபீசில் விருப்ப ஓய்வுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஒரே ஒரு கண்டம் பாக்கி. வாரப் பத்திரிகைகளில் பத்து வருஷமாகக் கொலைத் தொடர் எழுதும் தர்மராஜ், அவர் வாசிப்பதை நேரில் கேட்டுத் தலையாட்டினால்தான் ஒப்பந்தம். ‘அவரும் உங்க அணுபுரம்தான் சார். இதுவரைக்கும் யாருக்கும் முகத்தைக் காட்டினதில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு உங்க வீட்டுலயே கேக்கறேன்னு சொல்லிட்டார்’ என்றிருந்தார்கள் கம்பெனியில்.

“ஒளிஞ்சுகிட்டு எழுதறானாம். எழுதற லட்சணத்துக்கு ஒளியத்தான் வேணும்” என்றபடி, சற்றுமுன் கூரியரில் வந்த உறையைக் கிழித்தார். எந்தப் பத்திரிகையிலும் வராத புத்தம்புது நாவல். முதல் வரியை உரக்கப் படித்தார். “‘மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு கை மட்டும் கிடந்தது.’ தூ! மீதி உடம்பைப் பத்தாவது அத்தியாயத்துல தருவான் போல. இதையும் ஒருத்தன் உட்கார்ந்து எழுதறான். உன்னை மாதிரி நாலு பேர் வாயைப் பிளந்துகிட்டுப் படிக்கறீங்க.”

“மூணாவது பக்கத்துல மட்டும் இருமாதீங்க” என்றாள் பிரபாவதி. “அங்க அவ கட்டிலுக்கு அடியில மூச்சைப் பிடிச்சுகிட்டு இருப்பா.”

“எனக்கே வாசிக்கக் கத்துத் தர்றியா? போய் டிகாக்‌ஷனைப் போடு.”

அவள் போனாள். அவர் ஹெட்போனை மாட்டினார். டியூப்லைட்டின் சோக்கு, காதுக்குள் வண்டு புகுந்ததுபோல் ரீங்கரித்தது. ஜன்னலை அடைத்த பிறகு விளக்கை அணைத்தால் எழுத்தே தெரியாது. முந்தின நாளே மெயின்டனன்ஸ் ஆபீசில் புகார் எழுதி வைத்திருந்தார்.

வாசல் மணி அடித்தது. தோளில் பை, சட்டைப்பையில் பேனாவுடன் ஒருவர் நின்றார்.

“டியூப்லைட்டா சார் பேஜார் பண்ணுது?”

“நேத்து சொன்னா இன்னிக்கு ஆடி அசைஞ்சு வர்றே. பேர் என்ன?”

“சின்னராசு சார்.”

“சீக்கிரம் பாரு. பத்து மணிக்கு ஒரு எழுத்தாளர் வர்றார்.” எழுத்தாளர் என்பதை, மிளகாய்க் காம்பைத் துப்புவதுபோல் சொன்னார்.

ஸ்டூலில் ஏறிய சின்னராசு, மேஜையிலிருந்த தாள்களை எட்டிப் பார்த்தார். “தர்மராஜ் கதையா சார்? நம்ம வூட்ல அல்லாரும் படிச்சுகினு கீறாங்க.”

“உங்க வூட்டுக்குத்தான் அது லாயக்கு. ஒரு வரி ஒழுங்கா எழுத வராத பய. நான் என் குரலைப் போட்டுத் தூக்கி நிறுத்தியாகணும்.”

சின்னராசு மேலிருந்தபடியே சிரித்தார். “அப்பிடி சொல்லாத சார். அந்தாளு கேட்டா மனசு நோவும்ல?”

சுவர்க் கடிகாரம் பத்தைத் தொட்டது. கோபாலகிருஷ்ணன் ஸ்டூலை அண்ணாந்து பார்த்தார். உள்ளூர்க்காரர். யாருக்கும் தெரியாத முகம். சட்டைப்பையில் பேனா. இதோ, மணியும் பத்து.

“ஐ... ஐயா!” மேடைகளில் முழங்கிய குரல் மூக்குக்குள் போய் ஒடுங்கியது. “இறங்குங்கய்யா. தெரியாம வாய் விட்டுட்டேன். இந்த நாற்காலி உங்களுக்காகத்தான் போட்டேன். பிரபா, ஐயாவுக்குக் காபி! அந்தக் கை கிடக்கிற வரி இருக்கே... உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சுய்யா!”

நாற்காலியைத் தன் மேல்துண்டாலேயே துடைத்தார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பய, இப்போது ஐயா.

“இன்னா சார் ஆச்சு உனக்கு?” சின்னராசு சட்டைப்பையில் இருந்ததை உருவி விளக்கின் முனையில் வைத்துப் பார்த்தார். “இது பேனா இல்ல, டெஸ்டரு. சோக்கு மாத்தியாச்சு. கம்ப்ளெயின்ட் நோட்டுல ஒரு கையெழுத்து போடு, நான் கெளம்பறேன்.”

அவர் போனதும் கோபாலகிருஷ்ணனின் முதுகெலும்பு பழையபடி நிமிர்ந்தது.

“போயும் போயும் ஒரு வயர்மேன் முன்னாடி குனிய வச்சுட்டானே! பத்து மணின்னா பத்து மணிக்கு வரணும்னு தெரியாத தறுதலை, நாவல் எழுத வந்துட்டான்.”

பிரபாவதி உள்ளே வந்தாள். கையில் ஒரே ஒரு டம்ளர் காபி. கதவைச் சாத்தி, கம்பளியைக் காலால் இடுக்கில் தள்ளினாள். அவர் துடைத்து வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

“தர்மராஜ் வந்தாச்சு. வாசிங்க.”