செவ்வாய்க்கிழமைப் பேப்பர்

தூறலில் நனைந்த குடையை உதறிக்கொண்டே சரோஜினிதேவி மண்டபத்துக்குள் வருவதைக் கண்டதும், நவரட்ணராஜா பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தார். பேராதனைச் சந்தியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த மனிதர். மேலதிகாரிக்குக்கூட முதுகு வளைத்தவர் அல்ல. இப்போதும் முதுகு நிமிர்ந்துதான் இருந்தது, முகம்தான் ஒளிந்துகொண்டது.

"அப்பப்பா, அவ ஏன் இஞ்சை வாறா?" என்று பேத்தி வதனா கிசுகிசுத்தாள்.

"அதைத்தான் நானும் கேக்கிறன். பிள்ளையளைத் தெரிவு செய்யக் கண்டியிலை வேறை ஆக்கள் இல்லையோ?"

மன நலத்துக்காகக் குரல் கொடுக்கும் இளம் விளையாட்டு வீரர்களுக்கான புலமைப்பரிசிலின் நேர்முகத் தேர்வு அது. கிடைத்தால் வதனாவுக்குக் கொழும்பில் இரண்டு வருடப் பயிற்சி. கிடைக்காவிட்டால் அவளுடைய ஓட்டம் பாடசாலையோடு சரி. தேர்வுக்குழுவில் வந்து உட்கார்ந்தவரோ, அவளுடைய அக்கா யசோதினிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் தாய்!

கலியாணப் பேச்சென்றால் சாதகம் பார்ப்பதற்கு முன்பே, அந்தக் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்று நாலு இடத்தில் விசாரிப்பார்கள். மகனுக்குப் பெண் எடுத்தபோது நவரட்ணராஜாவும் அப்படித்தான் விசாரித்தார். அதனால்தான் இப்போது பேப்பர் இன்னும் மேலே ஏறியது.

மனைவி கண்ணை மூடிய பிறகு அவரை விட்டுத் தூக்கமும் போனது, சாப்பாடும் போனது. சாத்திய அறைக்கதவை அவர் திறக்கவேயில்லை. வதனாதான் சப்பாத்தை மாட்டிவிட்டு, வாவியைச் சுற்றி நடத்தி, நடந்துகொண்டே பேசவைத்து, கடைசியில் பேராதனை ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அயலுக்கு அது பிரஷர் கிளினிக்.

செவ்வாய்தோறும் அங்கே போகிறார். காத்திருந்து உட்காரும் அந்த வாங்குகளில் ஆளுக்கொரு மறைப்பு. ஹெல்மெட்டைக் கழற்றாமலே இருப்பார் ஒருவர். தொப்பியை மூக்குவரை இழுத்துவிடுவார் இன்னொருவர். கூரைக்குக் கீழேயே குடை விரித்திருப்பவர்களும் உண்டு. நவரட்ணராஜாவுக்குப் பேப்பர்.

"உன்ரை நடைக் குழுவை ஆருக்காகத் தொடங்கினனி எண்டு கேப்பினம். ஒரு சிநேகிதிக்கு எண்டு சொல்லு" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"பொய் சொல்ல மாட்டன் அப்பப்பா. ஆனா உங்களைக் காட்டிக்குடுக்கவும் மாட்டன்."

"கெட்டிக்காரி."

"அதாலை தோத்துப்போனால் பரவாயில்லையே?"

அவர் பக்கத்தைப் புரட்டினார்.

கடைசியாகத்தான் வதனாவைக் கூப்பிட்டார்கள். அவர் பின்வரிசைக் கதிரையில் அமர்ந்து மீண்டும் பேப்பரை விரித்தார். ஒரு காலத்தில் தடைதாண்டி ஓட்ட வீராங்கனையாக இருந்த குழுத் தலைவி ரிப்காதான் கேள்வி கேட்டாள்.

"வாவிக் கரையில 'நடந்து பேசுவோம்' குழு நடத்துறீங்க. எத்தனையோ பிள்ளைகள் சேர்ந்திருக்காங்க. நல்ல வேலை. யாருக்காகத் தொடங்கினீங்க?"

"சொல்ல ஏலாது மிஸ்."

"பேர் வேணாம் மகள். வீட்டு ஆளா, வெளி ஆளா?"

"அதுவும் ஏலாது."

ரிப்கா பேனையை வைத்தாள். "வெட்கப்படாமப் பேசுங்க என்று ஊருக்கெல்லாம் சொல்ற நீங்களே இப்பிடி மூடி மறைச்சா, நாங்க எதை நம்பி உங்களுக்குத் தாறது?"

வதனாவின் காதுகள் சிவந்துவிட்டன. அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால், வேண்டாம் என்று அவர் கண்ணைக் காட்டியிருப்பார். அவள் திரும்பவில்லை. ஓட்டத்தில் போலவே நேரே பார்த்தபடி நின்றாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பேப்பரை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"பின்னால இருக்கிறவங்க பேசக்கூடாது ஐயா" என்றாள் ரிப்கா.

"கேள்வி என்னைப் பற்றினது, தங்கச்சி. அது நான்தான். பேராதனையிலை இப்பவும் மருந்து எடுக்கிறன். இந்தப் பிள்ளை இல்லாட்டி நான் இண்டைக்கு இஞ்சை நிண்டு கதைக்க மாட்டன்." பிறகு சரோஜினிதேவியை நேரே பார்த்தார். "எங்கடை வீட்டிலை குறை எண்டு ஆரும் நினைச்சால், அது என்னோடை. என்ரை பேத்தியளிலை ஒரு குறையும் இல்லை."

சரோஜினிதேவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தன் முன்னாலிருந்த புள்ளித்தாளை ரிப்காவின் பக்கம் தள்ளிவிட்டார்.

"இந்தப் பிள்ளைக்கு நான் புள்ளி போட மாட்டன். நீங்களே போடுங்கோ."

போச்சு! வாயைத் திறந்து மூத்தவளின் கலியாணத்தையும் இளையவளின் ஓட்டத்தையும் ஒன்றாகக் கவிழ்த்துவிட்டோமே என்று நவரட்ணராஜா கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

ரிப்காவோ எழுதிய புள்ளியின் கீழே அழுத்திக் கோடு போட்டாள். "மகள், கொழும்புக்குப் போக பேக்கைக் கட்டுங்க" என்றாள்.

வதனா ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒன்று தப்பியது, மற்றது அவ்வளவுதான். சரோஜினிதேவி குடையோடு தன்னை நோக்கி வருவதைக் கண்டு, தீர்ப்பைக் கேட்க முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார்.

"சொந்தமாகப் போற பிள்ளைக்கு நான் புள்ளி போட்டால் சனம் என்ன கதைக்கும்?" என்றார் அந்த அம்மையார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வாற செவ்வாய்க்கிழமை அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இறக்கிப் பிடியுங்கோ சம்பந்தி, நானும் குடையை மடக்கிறன்."