இருட்டும்வரை ஓடிய ஃபைல்

கம்ப்யூட்டர் 'டிங்' என்றதும் திலகவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாக் கிளைகளின் சரக்கு விவரத்தையும் ஒரே எக்செல் ஃபைலில் சேர்க்கும் வேலை, தினமும் இருட்டும்வரை ஓடும். இன்று டீ வருவதற்குள் முடிந்துவிட்டது.

"ஒவ்வொரு வரிக்கும் ஃபைலைத் திறந்து மூடிக்கிட்டிருந்துச்சு மேடம். ஒரே தடவை திறந்து, மொத்தமா எழுதி, கடைசியில சேவ் பண்ற மாதிரி புரோகிராமை மாத்திட்டேன். இனிமே அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போயிடலாம்!" என்று சிரித்தான் புதிதாகச் சேர்ந்த இன்பசேகர்.

கணவன் நைட் ஷிப்டுக்குக் கிளம்புவது எட்டு மணிக்கு. அவன் போன பிறகு வீட்டுக்குள் நுழைவதால்தான் இரண்டு வருஷமாக அவள் அவனிடம் அடி வாங்காமல் இருக்கிறாள்.

செல்போன் அதிர்ந்தது. அவன்தான். திலகவதி இன்பசேகரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"இன்னும் ஓடிக்கிட்டே இருக்குங்க."