கன்ட்ரோல்

தூத்துக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஜெபக்கனி டெக்னீஷியன். நெற்பயிரைத் தண்ணீர் இல்லாமல் வாட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு வரிசையில் வறட்சி தாங்கும் புது நெல் இருக்கும். பக்கத்து வரிசையில் சாதாரண நெல். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். அது கருகினால்தான் புது நெல் தாங்கியது என்று சொல்ல முடியும்.

அந்த நெல்லின் தாங்கும் சக்தியை இந்தக் கோடையில் உப்பளத்து ஆட்களுக்கும் ஊசியாகப் போட்டார்கள். அவள் புருஷன் ஞானதுரையும் போட்டுக்கொண்டான்.

"ஊசி போட்டாச்சுல்லா, இனி வெயிலாவது ஒண்ணாவது!" என்று உச்சிவெயிலில் உப்பு வாரியவன், பாத்தியிலேயே சுருண்டு விழுந்து செத்துப்போனான். கூட வாரியவர்களில் பலருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"எல்லாருக்கும் மருந்து போடலம்மா. பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணிதான்" என்றார் ஊசி போட்ட டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஜெபக்கனிக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

துக்கம் கழிந்து வேலைக்குப் போனபோது, சாதாரண நெல் தலை தொங்கிக் கிடந்தது. வாளியை எடுத்து வேர் நனைய ஊற்றினாள்.

சூப்பர்வைசர் பதறி ஓடிவந்தார். "கன்ட்ரோலுக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் சார்" என்றாள். "அதுக்குத்தான் தெரியாது."