இரட்டைக் குழல்

“துப்பாக்கி மட்டும் வீட்டுல இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு பேரையும் சுட்டுத் தள்ளியிருப்பேன்!”

வன்னியபெருமாள் வாசலில் நின்று கத்தினார். தெரு முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தினார்.

காலையில் அவர் மகள் இந்துமதி, ஜெர்சனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவன் மீன்பிடித் துறைமுகத்தில் போட் இன்ஜின் ரிப்பேர் பார்ப்பவன். வேறு சாதி, வேறு மதம். இப்போது இருவரும் கடற்கரையில், அவன் வீட்டில். வேறென்ன வேண்டும்? மதியத்துக்குள் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

ஹால் சுவரில் துப்பாக்கி மாட்டும் ஆணி மட்டும் இருந்தது. பட்டாள அதிகாரியான ஒரு வெள்ளைக்காரத் துரை, ஊருக்குக் கப்பல் ஏறும்போது வன்னியபெருமாளின் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போன இங்கிலீஷ் ரைஃபிள். இரட்டைக் குழல். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பார்கள். தேர்தல் வந்தால், எல்லா லைசென்ஸ் துப்பாக்கியையும் போல இதையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும்.

“ரெண்டு பேருக்கு ரெண்டு குழல். சரியாத்தான் செஞ்சிருக்கான் வெள்ளைக்காரன்” என்றார் வன்னியபெருமாளின் பெரியப்பா மகன் லிங்கராஜ். “தேர்தல் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சேல. வா, போய் வாங்கிட்டு வருவோம்.”

சிலர் சிரித்தார்கள். வன்னியபெருமாளின் மகன் தங்கதுரை சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீயும் பைக்ல ஏறுலே” என்றார் லிங்கராஜ் அவனிடம்.

“நீங்க முன்னால போங்க பெரியப்பா. நான் வாரேன்.”

ஸ்டேஷன் வாசலில் லிங்கராஜ் பைக்கிலேயே உட்கார்ந்துவிட்டார். வன்னியபெருமாள் மட்டும் உள்ளே போனார்.

ஏட்டு அஸ்லம் நிமிர்ந்து பார்த்தார். “வாங்க அண்ணாச்சி. எல்லாரும் வாங்கிட்டுப் போயாச்சு. உங்களுக்கு எத்தன தடவ ஆள் விட? துரு ஏறுது.”

வன்னியபெருமாள் குரலைத் தாழ்த்தினார். “இங்கனயே கிடக்கட்டும் ஏட்டய்யா. வெளிய நிக்கிறவர் கேட்டா, மேலிடத்து உத்தரவு வரலனு சொல்லிருங்க.”

“ஏன்?”

“பிள்ள விஷயம் எனக்குத் தேர்தலுக்கு முன்னயே தெரியும். அதான் வாங்க வரல. ஒத்தப் பொட்டப்பிள்ள. எங்கயாவது நல்லா இருக்கட்டும்.”

அஸ்லம் பேனாவைக் கீழே வைத்தார். “பின்ன எதுக்குத் தெருவுல நின்னு அந்தக் கத்து கத்துனீய? இங்கன வரைக்கும் செய்தி வந்துட்டு.”

“நாலு பேரு முன்னால வேற என்ன செய்யச் சொல்லுதீய? கடை வச்சிருக்கேன். சொந்தபந்தத்துல தலை காட்டணும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வெறும் சத்தந்தான ஏட்டய்யா. சத்தத்துல யாரு சாவப்போறா?”

வெளியே வரும்போது பழைய கோபத்தை முகத்தில் ஏற்றிக்கொண்டார்.

“தரமாட்டானுவளாம்ணே!”

லிங்கராஜ் அப்போதுதான் போன் பேசி முடித்திருந்தார். வண்டியைக் கிளப்பினார்.

“தராட்டிப் போறான். தங்கதுரை அரிவாள எடுத்துக்கிட்டு அப்பவே கடற்கரைக்குப் போயிட்டானாம். ‘எங்கப்பாவுக்கே இவ்வளவு ஆத்திரம் இருக்கும்போது நான் சும்மா இருப்பனா’னு சொல்லிட்டுப் போயிருக்கான். உம் மவன்லா!”